வலியைக் கேட்கும் செயலிக்கு யார் விடை சொல்வது?

டொரோண்டோவின் சிக்கிட்ஸ் மருத்துவமனையில் ஜெனிஃபர் ஸ்டின்சனும் அவர் குழுவினரும் உருவாக்கிய ‘பெயின் ஸ்க்வாட்’ செயலி பற்றிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. புற்றுநோய் கண்ட 9 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகள் காலையும் மாலையும் தம் வலியைக் கைபேசியில் குறிக்கவேண்டும். சிகிச்சையில் துவண்டு கிடக்கும் பிள்ளை இதை நாள் தவறாமல் செய்யுமா? அதற்காக அக்குழு பிள்ளைகளை வலியைத் துரத்தும் காவல் படையில் சேர்த்தது. விடாமல் குறித்தால் பதவி உயர்வு கிடைக்கும். கனடாவின் தொலைக்காட்சிக் காவல் தொடர் நடிகர்கள் காணொளியில் வந்து தட்டிக்கொடுப்பார்கள். 14 பேரிடம் சோதித்தபோது, எழுதவேண்டிய குறிப்புகளில் சராசரியாக 81 விழுக்காடு எழுதப்பட்டிருந்தன.

இந்த 81 விழுக்காட்டை வெற்றி என்று எழுதி முடித்துவிடலாம். நான் அப்படிக் கருதவில்லை. ஒரு பிள்ளை பத்துக்கு எட்டு என்று குறித்த பிறகு என்ன நடக்கிறது என்பதே கேள்வி. அக்குழுவினரும் இதை உணர்ந்திருக்கவேண்டும். அடுத்து வந்த ‘பெயின் ஸ்க்வாட் பிளஸ்’ வலிக்கேற்ற வழிமுறைகளை உடனே சொன்னது; வலி நீடித்தால் செவிலியருக்குத் தகவல் போனது.

எதிர்முனையில் ஆள் இருப்பதன் பயனுக்கு வலுவான சான்று நியூயார்க்கிலிருந்து கிடைக்கிறது. ஈதன் பாஷ் குழுவினர் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், முற்றிய புற்றுநோய்க்கு மருந்து பெற்றுவந்த 766 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. வலி உட்பட 12 தொல்லைகளை இணையம்வழித் தெரிவித்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். தொல்லை கூடியபோது செவிலியருக்கு எச்சரிக்கைகள் சென்றன. அவற்றில் 77 விழுக்காட்டுக்கு அவர்கள் ஏதேனும் ஒரு நடவடிக்கை எடுத்தனர். திரைக்குப் பின்னே செவிலியர் இருந்ததை மறந்துவிட்டு இந்த ஆய்வைச் செயலிக்குச் சான்றாகக் காட்டுவது பிழை.

அடுத்தது சொல். சுழியத்திலிருந்து பத்துவரையிலான அளவுகோல் நேற்றையும் இன்றையும் ஒப்பிட உதவுகிறது. ஆனால் வலியின் இயல்பைச் சொல்லாது. ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வினாநிரலில் வலிக்கு 78 ஆங்கிலச் சொற்கள் உண்டு. தமிழில் செயலி செய்வோர் அவற்றை மொழிபெயர்க்கத் தொடங்கினால் தோற்பார்கள். நம் நோயாளி “குடையுது”, “கடுக்குது”, “எரியுது”, “சுள்ளுனு இழுக்குது”, “மதமதன்னு இருக்கு” என்கிறார். எரிச்சலும் சுள்ளென்ற இழுப்பும் மதமதப்பும் நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். அந்த வலிக்கு மார்ஃபினோடு வேறு மருந்தும் தேவைப்படலாம். இந்த வேறுபாட்டை எட்டு என்ற எண் விழுங்கிவிடுகிறது. படிக்கத் தயங்குபவரும் தன் பேச்சிலேயே சொல்லும்படி குரல்பதிவு வேண்டும்.

வலியை மட்டும் கேட்பதும் போதாது. மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வருவது வழக்கம். அதைக் கேட்டு மலமிளக்கி தராவிட்டால், அவர் யாரிடமும் சொல்லாமல் மார்ஃபினையே நிறுத்திவிடக்கூடும். செயலியோ வலி கூடியதை மட்டும் காட்டும். முதுகில் புதிய வலியும் காலில் பலக்குறைவும் சேர்ந்தால் தண்டுவடம் அழுத்தப்படுகிறதோ என்று அன்றே பார்க்கவேண்டும். அங்கே மதிப்பெண்ணுக்கு இடமில்லை. மருந்தின் அளவை மாற்றச் சொல்லும் அதிகாரத்தை மட்டும் செயலிக்குத் தரக்கூடாது.

இன்னொன்று. பல வீடுகளில் கைபேசி மகனிடமோ மருமகளிடமோ இருக்கிறது. பிள்ளைகள் பதறுவார்களே என்று வலியை மறைக்கும் தாய், அவர்கள் முன்னிலையில் மூன்று என்பார். அவர் தனியாகச் சொல்ல வழி வேண்டும்.

மருந்து இல்லாத ஊரில் இவை எதுவும் உதவாது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் மார்ஃபின் கிடைப்பது அரிதானது. 2014இல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். ஆயினும் மார்ஃபின் எட்டாத நோயாளிகள் இன்றும் பலர். ஆகவே ஒரு செயலிக்கு நிதி கேட்டு வரும் திட்டத்தில் முதலில் இரண்டைப் பார்க்கவேண்டும்: இரவு இரண்டு மணிக்கு வரும் எச்சரிக்கையை யார் பார்ப்பார், அவர் கைக்கெட்டும் தொலைவில் மார்ஃபின் உண்டா. இவ்விரண்டுக்கும் பெயரும் இடமும் எழுதப்படாத திட்டத்தை மருத்துவமனைகள் ஏற்கக்கூடாது.