ஆணை, அறிக்கை, சட்டம்: கொங்கு நாட்டு நோக்கில் ஜெய்ராம் ரமேஷின் சுற்றுச்சூழல் அமைச்சுக் காலம் (2009–2011)

ஆய்வுச் சுருக்கம்

ஜெய்ராம் ரமேஷ் 2009 மே முதல் 2011 ஜூலை வரை நடுவண் அரசின் சுற்றுச்சூழல், வனத்துறைப் பொறுப்பை வகித்தார். அக்காலத்து முடிவுகளுள் கொங்கு நாட்டைத் தொட்ட மூன்றினை இக்கட்டுரை ஆராய்கிறது. அமைச்சரின் ஈடுபாட்டைவிட, முடிவு எவ்வடிவில் எடுக்கப்பட்டது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானித்தது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: ஜெய்ராம் ரமேஷ், கொங்கு நாடு, மேற்குத் தொடர்ச்சி மலை, பி.டி. கத்தரி, பசுமைத் தீர்ப்பாயம்

முன்னுரை

தமிழ்நாட்டைச் சேர்ந்த டி.ஆர். பாலு, ஆ. இராசா, ஜெயந்தி நடராஜன் ஆகிய மூவர் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சர்களாக இருந்துள்ளனர். எனினும், கொங்கு நாட்டின் மலை, வயல், ஆறு ஆகிய மூன்றையும் ஒருசேரத் தொட்ட முடிவுகள், கருநாடகத்துச் சிக்கமகளூரில் 1954இல் பிறந்து ஆந்திரத்திலிருந்து மாநிலங்களவைக்குச் சென்ற ஜெய்ராம் ரமேஷின் காலத்தில் அமைந்தன. மும்பை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்ற அவர், தனிப்பொறுப்புடைய இணையமைச்சராகவே இத்துறையை ஏற்றார். நியமகிரியில் வேதாந்தாவின் சுரங்கத்திற்கு 2010 ஆகஸ்டில் அனுமதி மறுத்த அவரே, 2011 ஜனவரியில் போஸ்கோ திட்டத்திற்கு நிபந்தனைகளுடன் இசைவளித்தார். ஆகவே அவரை வளர்ச்சிக்கு எதிரி என்றோ சூழலின் காவலர் என்றோ ஒற்றைச் சொல்லில் அடக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆணை: பி.டி. கத்தரி

மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபர் 14 அன்று பி.டி. கத்தரியை வணிகமுறையில் பயிரிட ஒப்புதல் அளித்தது. அமைச்சர் அதனை உடனே ஏற்கவில்லை. கொல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஐதராபாத், பெங்களூரு ஆகிய ஏழு நகரங்களில் கருத்துக்கேட்பு நடத்தினார். 2010 பிப்ரவரி 9 அன்று காரணங்களை விரித்துரைக்கும் ஆணையின்வழி இடைக்காலத் தடை விதித்தார்.

இங்குக் கோவையின் நிலை தனித்துக் கருதத்தக்கது. அமெரிக்க அரசின் நிதியில் கார்னெல் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த திட்டத்தின்கீழ், மகிகோ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை உள்ளூர்க் கத்தரி இரகங்களில் ஏற்றும் பணியில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்குகொண்டிருந்தது. எனவே இச்சிக்கலைப் பன்னாட்டு நிறுவனம் எதிர் உழவர் என்னும் இருமையாக மட்டும் காண இயலாது. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வும் இதில் அடங்கியிருந்தது. அவ்வாறிருந்தும் ஏழு கூட்டங்களுள் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் நடைபெறவில்லை. ஆய்வு நடந்த ஊரின் உழவர் தம் கருத்தை நேரில் உரைக்கப் பெங்களூருக்குச் செல்ல வேண்டியிருந்தது. மக்கள் கருத்துக்குச் செவிசாய்த்த முன்மாதிரி எனப் போற்றப்படும் நடைமுறையின் குறை இது.

சட்டமுறையான வல்லுநர் குழுவின் முடிவை அமைச்சர் ஒருவர் நிறுத்திவைக்கலாமா என்ற வினா அன்றே எழுந்தது. பின்னர் அக்குழுவின் பெயரிலிருந்த ‘ஒப்புதல்’ என்னும் சொல் ‘மதிப்பீடு’ என மாற்றப்பட்டது. 2013இல் வங்கதேசம் பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் அளித்தது. இந்தியாவிலோ 2010ஆம் ஆண்டின் தடை நீடிக்கிறது.

அறிக்கை: மேற்குத் தொடர்ச்சி மலை

அதே 2010 பிப்ரவரியில், மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு இயக்கத்தினர் கோத்தகிரியில் கூடினர். அமைச்சர் அதில் பங்கேற்றதன் தொடர்ச்சியாக, மார்ச் 4 அன்று மாதவ் காட்கில் தலைமையில் வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. கொங்கு நாட்டுக்கு இது தொலைவான செய்தியன்று. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தோன்றுகிறது; பவானி நீலகிரியில் பிறக்கிறது; கோவையின் குடிநீருக்குச் சிறுவாணி துணைநிற்கிறது. மலையின் நலமே சமவெளியின் நீர்.

குழு 2011 ஆகஸ்ட் 31 அன்று அறிக்கையை அளித்தபோது ரமேஷ் அத்துறையில் இல்லை. ஜூலை 12 அன்றே கேபினட் அமைச்சராக உயர்த்தப்பட்டு ஊரக வளர்ச்சித் துறைக்கு மாற்றப்பட்டிருந்தார். அறிக்கை, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நடந்த போராட்டத்திற்குப் பிறகு, 2012 மே மாதமே வெளியானது. மலைத்தொடர் முழுவதையும் சூழல்கூர் பகுதியாகக் கொண்டு மூன்று மண்டலங்களாகப் பகுத்து, கிராம சபைகளின் வழியே எல்லைகளை இறுதிசெய்யுமாறு காட்கில் குழு பரிந்துரைத்தது. அடுத்து அமைந்த கஸ்தூரிரங்கன் குழு 2013இல் அப்பரப்பை ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறைத்தது. அதனடிப்படையில் 2014இல் வெளியான வரைவு அறிவிக்கை 56,825 சதுர கிலோமீட்டரை உள்ளடக்கியது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,914 சதுர கிலோமீட்டர். மாநிலங்களின் இசைவு கிட்டாமையால் வரைவு மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. ஆறாம் வரைவு 2024 ஜூலை 31 அன்று, வயநாட்டு நிலச்சரிவுக்கு மறுநாள் வெளியானது.

சட்டம்: பசுமைத் தீர்ப்பாயம்

நொய்யலின் சாயக்கழிவுச் சிக்கலில் ஆயக்கட்டு உழவர்களுக்குப் புகலிடமாக இருந்தது உயர் நீதிமன்றமே. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் ஆணையிட்டதும் அந்நீதிமன்றமே, அமைச்சகம் அன்று. ஆயினும் ரமேஷின் காலத்தில் நிறைவேறிய தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010, மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியைத் தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்றாக்கியது. சென்னையில் அமைந்த தென்மண்டல அமர்வு, கொங்கு நாட்டு வழக்குகளுக்கும் உரிய களமாயிற்று. சட்டத்தை இயற்றிய அமைச்சர் துறை மாறியபோதும் அக்களம் மாறவில்லை.

முடிவுரை

மூன்று முடிவுகளும் ஒரே அமைச்சரின் ஏறத்தாழ 26 மாதக் காலத்திற்கு உரியவை. அமைச்சரின் அதிகார எல்லைக்குள் காரணங்களுடன் பிறப்பிக்கப்பட்ட ஆணை நிலைத்தது. ஆனால் அதனை நீக்கவும் மற்றோர் ஆணையே போதும். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் நிறுவனமாகத் தொடர்கிறது. மாநிலங்களின் இசைவை வேண்டிய அறிக்கையோ, அதனைக் கோரிய அமைச்சர் நீங்கியதும் உரிமையாளரின்றி நின்றது. மூன்றனுள் கொங்கு நாட்டின் நீராதாரத்தை நேரடியாகக் காக்க முனைந்தது அவ்வறிக்கையே என்பதை எண்ணும்போது இழப்பின் அளவு புலனாகும்.

சூழல் அரசியலின் வரலாற்றை ஆளுமைகளின் வரலாறாக எழுதும் போக்கு நம்மிடையே மிகுதி. கொங்கு நாட்டின் அனுபவம், எந்த அமைச்சர் எதனை விரும்பினார் என்பதோடு, அவர் சென்ற பின் எது எஞ்சியது என்பதையும் ஆய்வாளர் வினவ வேண்டும் என உணர்த்துகிறது. மலையடிவார ஊராட்சிகளின் கிராம சபைத் தீர்மானங்களை இந்நோக்கில் தொகுத்து ஆராய்வது அடுத்த கட்டப் பணியாகும்.