அச்சுக்குள் புகுந்த தண்ணீர்

2015 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மீனவர்கள் லாரியில் படகுகளை ஏற்றி வந்து ஜனங்களை மீட்டார்கள். எங்கள் தெருவில் காய்கறி விற்கும் தம்பியின் மீன்பாடி வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. வடிந்ததும் துடைத்துவிட்டு வியாபாரத்துக்குக் கிளம்பிவிட்டார். பத்து நாளில் கரகரவென்று சத்தம்; பிறகு சக்கரம் இறுகி நின்றுவிட்டது. சைக்கிள் கடையில் பிரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருந்தது, குண்டுகள் முழுக்கத் துரு. ஒரு வாரம் பிழைப்பு போயிற்று.

அச்சைப் பற்றிய கவலை நமக்குப் பழசு. உப்பு வண்டி ஓட்டிய உமணர்கள் 'சேம அச்சு' ஒன்றை வண்டிக்கடியில் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூறு சொல்கிறது. நான் சிறுவனாகப் பார்த்த கட்டை வண்டிகளில் வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மைதான். அங்கே இரும்போடு இரும்பு தேய்ந்தது, உருளவில்லை.

பிரெஞ்சு வழியில் படித்ததால் பேரிங்கை 'ரூல்மாங்' என்றுதான் முதலில் அறிந்தேன். நெப்போலியனின் போர்களையெல்லாம் ஒப்பித்தோம். ழூல் சூரிரேயை ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. பாரிஸ் சைக்கிள் மெக்கானிக்கான அவர் 1869இல் குண்டு பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அதே வருஷம் நவம்பரில் பாரிஸ்–ரூவான் பந்தயம், 123 கிலோமீட்டர். குண்டு பேரிங் வைத்த வண்டியில் ஜேம்ஸ் மூர் ஜெயித்தார். (வண்டி அச்சுக்கு 1794லேயே வேல்ஸில் பிலிப் வாகன் காப்புரிமை வாங்கிவிட்டார். அதையும் சொல்லிவிடுகிறேன், ஆங்கிலேயர் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்!) 1898இல் அமெரிக்க வண்டி உற்பத்தியாளர் ஹென்றி டிம்கன் சரிவான உருளைகள் வைத்தார்; பாரத்தோடு திரும்பும்போது பக்கவாட்டு அழுத்தத்தையும் அவை தாங்கின.

படகு இழுக்கும் டிரெய்லர்களில் இன்றும் பெரும்பாலும் அந்த வகைதான். சாலையில் ஓடிச் சூடேறிய சக்கரத்தை அப்படியே தண்ணீரில் இறக்கினால் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சூடு ஆறிய பிறகே இறக்க வேண்டும். பிரித்தால் மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, புது கிரீஸை உள்ளங்கையில் வைத்து ஒவ்வோர் உருளைக்கும் இடையில் ஏறும்படி அழுத்த வேண்டும். சீலைப் புதிதாகவே போடுங்கள். இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் மறுபடி மோர்தான். நட்டை இறுக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிறகு சிறிது தளர்த்திப் பின் போட வேண்டும்.

நம் தம்பியின் வண்டியில் உருளை இல்லை, கப்பும் கோனும் குண்டும்தான். ஆனால் தண்ணீர் செய்யும் வேலை ஒன்றே. இப்போதெல்லாம் ஐப்பசி பிறந்ததும் வண்டியை 'ஓவராயில்' பண்ண விட்டுவிடுகிறார். மழை ஓய்ந்து மார்கழியில் இன்னொரு தடவை.