அரிக்கேனும் ஆரஞ்சு முக்கோணமும்

என் சிறுவயதில், இருட்டிய பின் ஊர் திரும்பும் மாட்டு வண்டிகளின் அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். அன்றைய வேகத்துக்கு அந்த மங்கிய வெளிச்சம் போதும்.

இன்று முன்னால் டிராக்டர் 25 கிலோமீட்டர் வேகத்தில் போக, பின்னால் கார் 90-இல் வந்தால், 100 மீட்டர் இடைவெளி ஐந்தரை வினாடியில் தீர்ந்துவிடும். முன்னே போவது மெதுவான வண்டி என்று ஓட்டுநருக்கு உறைப்பதற்கே பாதி நேரம் போய்விடும்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியாளர் கென் ஹார்க்னஸ் 1960களின் தொடக்கத்தில் இதற்கென்றே ஒரு முக்கோணத்தை உருவாக்கினார். நடுவில் பளிச்சென்ற ஆரஞ்சு, அது பகலுக்கு. ஓரத்தில் சிவப்புப் பட்டை. ஹெட்லைட் பட்டதும் மின்னும், அது இரவுக்கு. பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம். பார்த்ததுமே ‘மெதுவான வண்டி’ என்று புரிய வேண்டும், அவ்வளவுதான்.

கறுப்புக் குதிரை வண்டி ஓட்டும் ஆமிஷ் மக்களில் சிலர் மட்டும் இதை மாட்ட மறுத்தார்கள். பகட்டான நிறமும் உலகியல் சின்னமும் அவர்கள் சமயத்துக்கு ஆகாதாம். வழக்கு மினசோட்டா உச்ச நீதிமன்றம் வரை போனது. வெள்ளி நிறப் பிரதிபலிப்புப் பட்டையும் சிவப்பு லாந்தரும் போதும் என்ற அவர்கள் வாதம் 1990-இல் வென்றது. லாந்தர்! எனக்குச் சிரிப்பு வந்தது.

போன மாதம் ஒரு கரும்பு டிரெய்லரின் பின்னால் போனேன். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் இருந்தது. தொங்கிய தோகை அதை முழுக்க மூடியிருந்தது.