எழும்பூர் ஏடுகளும் நம் ஊர்ப் பெட்டகமும்

செங்கற்பட்டு மாவட்டத்தில், கல்பாக்கம் அணுநிலைய ஊழியர்களுக்காக எழுந்த புத்தூர் அணுபுரம். அதற்குச் சில கல் தொலைவில், கடலோரத்தில், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை சிதைந்து நிற்கிறது. துணி ஏற்றுமதியால் செழித்த துறைமுகம் அது. 1782 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கடற்படையும் பிரெஞ்சுக் கடற்படையும் பொருதியது அக்கரைக்கு எதிரேதான். கோட்டைக் கல்லறைகளில் டச்சுப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எனினும், அத்துணியை நெய்தவர் யார், தரகு செய்தவர் யார், படகில் ஏற்றியவர் யார் என்று கேட்டால் அக்கற்கள் விடை பகரா. ஏடுகளைத்தான் நாட வேண்டும்.

அந்நாட்டம் நம்மைச் சென்னை எழும்பூருக்கு இட்டுச் சென்றது. 1909இல் 'மெட்ராஸ் ரிகார்டு ஆபீஸ்' என நிறுவப்பெற்ற செங்கல் மாளிகையே இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கும்பினியார் காலம் தொட்டு வந்த அரசு ஏடுகளும், ஆய்வாளர்க்கான நூலகமும் அங்குள்ளன. டச்சுக் கும்பினியின் ஏடுகளும் உண்டு. அவற்றுள் பெரும்பகுதி கொச்சியைச் சார்ந்தது. பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் அக்கும்பினி ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1763இல் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக வழங்கினார். பின்னர் பார்னார்டு என்னும் பொறியாளர் அச்சீமையை ஊர் ஊராக அளந்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிய விவரங்களுள் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், அவற்றின் ஆங்கிலச் சுருக்கம் எழும்பூரிலும் உள்ளன. இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட நம் சிற்றூர்களின் வீடுகளையும் விளைச்சலையும் இன்று நாம் அறிவது அக்கணக்கர்களின் எழுத்தாணியால்தான்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அரசு ஏடு தன் தேவைக்கே எழுதப்படுவது. வரி செலுத்தியவன் அதில் இடம்பெறுவான். வழக்குத் தொடுத்தவன் இடம்பெறுவான். ஓதிக் கொடுத்த உஸ்தாதும், கிணறு வெட்டி வக்ஃபு செய்த மூதாட்டியும் இடம்பெறுவது அரிது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை ஆராயும் நாம், ஏட்டைப் படிக்கும்போதும் 'எழுதியவர் யார், எதற்காக எழுதினார்?' என்று கேட்டே தீர வேண்டும்.

அந்த இடைவெளியை நிரப்ப உழைத்தவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் முஹம்மது ஹுசைன் நயினார். நவாபுகளின் வரலாறு கூறும் பாரசீக நூலான 'துஸக்கே வாலாஜாஹி'யை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார்; முதற்பகுதி 1934இல் வெளிவந்தது. மூலநூல் ஒருவரால் பேணப்பட்டிருந்ததால் அன்றோ அது இயன்றது?

நம் பள்ளிவாசல் பெட்டகங்களின் நிலை என்ன? நிக்காஹ் பதிவேடுகள், வக்ஃபுப் பத்திரங்கள், அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள் ஆகியன கறையானுக்கு இரையாகின்றன. பழைய பத்திரம் செல்லரித்துப் போனதால் தன் நிலத்திற்கு உரிமை நாட்ட இயலாது திகைத்த ஜமாஅத்தை நாம் அறிவோம். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கப் பணிக்கும் திருமறையை ஓதுவோர்க்கு இது அழகன்று.

செய்ய வேண்டுவது பெரிதன்று. உள்ளவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதுக. ஈரம் படாத இடத்தில் வைக்குக. படியெடுத்து ஒன்றை நூலகத்தில் சேர்க்குக. இவ்வாண்டிலேயே ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பெட்டகத்தைத் திறந்து பார்க்கட்டும்.