இருளை ஆண்ட கண்: ஒளிப்பதிவாளர் லூயிஸ் குவாத்ராதோ

திரைப்பட வரலாறு பெரும்பாலும் இயக்குநர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒளிப்பதிவாளரின் பெயர் அதில் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. ஸ்பெயின் நாட்டு ஒளிப்பதிவாளர் லூயிஸ் குவாத்ராதோவிற்கும் அந்நிலையே வாய்த்தது. எனினும், அவருடைய ஏறத்தாழப் பத்தாண்டுக் காலப் பணியை விலக்கிவிட்டுப் பிராங்கோ ஆட்சியின் இறுதிக் காலத் திரைக்கலையைப் பேச இயலாது.

குவாத்ராதோ 1934ஆம் ஆண்டு, சமோரா மாநிலத்துத் தோரோ என்னும் ஊரில் பிறந்தார். அவர் பிறந்த இரண்டாம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1939இல் பிராங்கோ வென்றார். வென்றோர் கூறியதன்றிப் போரைப் பற்றி வேறெதுவும் பேச இயலாத மௌனத்தில் ஒரு தலைமுறை வளர்ந்தது. தணிக்கையாளர் சொல்லை வெட்டினர். ஒளியை வெட்டும் வழி அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியிலேயே குவாத்ராதோவின் கலை வேர்விட்டது.

கார்லோஸ் சௌரா இயக்கி, எலியாஸ் கெரெஹெத்தா தயாரித்த 'வேட்டை' 1966இல் வெளிவந்தது. பழைய போர்க்களம் ஒன்றில் முயல் வேட்டையாடச் சென்றவர்கள் இறுதியில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு மடிகின்றனர். கறுப்பு வெள்ளையில், கோடை வெயிலை எவ்வித மென்மையுமின்றி அவர் பதிவு செய்தார். கண்ணைக் கூசவைக்கும் அவ்வெண்மை, போரின் வெம்மை இன்னும் ஆறவில்லை என்பதை உரையாடலின் துணையின்றியே உணர்த்தியது. அவ்வாண்டு பெர்லின் விழாவில் சௌராவுக்குச் சிறந்த இயக்கத்திற்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. அதே சௌராவின் 'அத்தை மகள் அங்கேலிக்கா' (1974) படத்தில், நடுவயது நாயகன் தன் குழந்தைப் பருவ நினைவுகளுக்குள் அதே உருவத்தோடு நுழைகிறான்.

அவருடைய பணியின் உச்சம், விக்தோர் எரிசே இயக்கிய 'தேன்கூட்டின் ஆவி' (1973). கதை நிகழ்வது 1940இல், காஸ்தில் நிலப்பகுதியின் சிற்றூர் ஒன்றில். 'பிராங்கன்ஸ்டைன்' படத்தைக் கண்ட சிறுமி ஆனா, அப்பூதத்தைத் தேடி அலைகிறாள். தேனீ வளர்க்கும் தந்தையின் வீட்டுச் சன்னல்களில் அறுகோணக் கண்ணாடிகள். அவற்றின் வழியே தேன்நிற ஒளி உள்ளே படிகிறது. குடும்பம் கூட்டிற்குள் அடைபட்டிருப்பதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நம் அகப்பாடல்களின் உள்ளுறை போல, பொருள் முழுவதும் காட்சியினுள் மறைந்து நிற்கிறது. இப்படம் சான் செபஸ்தியான் விழாவில் தங்கச் சிப்பி விருது பெற்றது.

இப்படம் உருவான காலத்திலேயே குவாத்ராதோவின் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. அதனால் படத்தின் இருளை நோயின் விளைவாகக் கருதுவோர் உண்டு. அது பொருந்தாது. பார்வை தெளிவாக இருந்த நாளில் எடுத்த 'வேட்டை'யிலும் அவர் ஒளியை அழகுக்காகக் கையாண்டதில்லை. களம் வேண்டிய அளவையே கையாண்டார். அங்கே மிகுந்த வெளிச்சம், இங்கே மிகுந்த நிழல். இரண்டும் ஒரே நேர்மையின் இரு முகங்களாகும்.

1975இல் பிராங்கோ இறந்தார். நாடு பேசத் தொடங்கிய அவ்வேளையில் குவாத்ராதோவின் கண்கள் அணைந்துகொண்டிருந்தன. அவரிடம் படக்கருவி இயக்குநராகப் பணியாற்றிய தேயோ எஸ்காமில்யா, சௌராவின் பிற்காலப் படங்களுக்கு ஒளிப்பதிவாளரானார். குவாத்ராதோ 1980இல் மறைந்தார். சொல்லக் கூடாதவற்றைக் காணச்செய்த அக்கலைஞர், சொல்லலாம் என்ற காலம் வந்தபோது அதைக் காண இயலாதவராக இருந்தார். அவர் விட்டுச்சென்ற தேன்நிற வெளிச்சம் மட்டும், விழித்த கண்களோடு ஒரு சிறுமியின் முகத்தில் இன்றும் படிந்திருக்கிறது.