மூளைக்குள் பூஞ்சை: படம் காட்டும் இடமும் காட்டாத பெயரும்

1948ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்து, அவர்களுள் 10 பேருக்கு நோய் சில காலம் தணிந்ததை வெளியிட்டார். அம்மருந்தை ஆக்கித் தந்த ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் வகுப்பறைகளில் இன்னும் உரக்க ஒலிக்க வேண்டிய பெயர் அது.

பின்வந்த மருந்துகளால் அப்பிள்ளைகள் நீண்டு வாழத் தொடங்கினர். ஆனால் அம்மருந்துகள் நோய் எதிர்க்கும் வெள்ளணுக்களையும் குறைத்தன. தோட்டத்து உதிர்ந்த இலையிலும் மட்கிய மட்டையிலும் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளை நாம் நாள்தோறும் சுவாசிக்கிறோம். நலமுள்ள உடல் அவற்றை அழித்துவிடும். எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்கோ அவை நுரையீரலில் முளைத்து, இரத்தக் குழாய்களைத் துளைத்து, மூளையை அடையக்கூடும்.

அதை எவ்வாறு காண்பது? பழைய ஊடுகதிர்ப் படத்தில் மண்டையோடு தெரியும், மூளை தெரியாது. 1918இல் வால்டர் டாண்டி மூளையின் அறைகளில் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். நோயுற்ற குழந்தைக்கு அது கொடிய சோதனையே. 1971 அக்டோபர் 1ஆம் நாள் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. எம்.ஆர்.ஐ. அடுத்துவந்தது.

இங்கே ஒரு முரணைக் கருத வேண்டும். மூளைச் சீழ்க்கட்டியைச் சுற்றிப் படத்தில் ஒளிரும் வளையம், பெரும்பாலும் உடலின் தற்காப்பு எழுப்பும் சுவர். தற்காப்பே தளர்ந்த குழந்தையிடம் அவ்வளையம் மங்கும், சிலவேளை தோன்றாது. நோய் மிகக் கடுமையாக இருக்கும்போதே படம் அமைதியாகத் தோன்றலாம். நீரின் அசைவை அளக்கும் எம்.ஆர்.ஐ. முறை இக்குறையை ஓரளவு நீக்குகிறது. ஆயினும் படம் இடத்தைச் சொல்லுமேயன்றிப் பூஞ்சையின் பெயரைச் சொல்லாது. பெயரறியத் திசு வேண்டும். இரத்தத் தட்டணுக்கள் குறைந்த பிள்ளையின் மூளையில் ஊசி நுழைப்பதோ ஆபத்து. ஆதலால் மருத்துவர்கள் நுரையீரல் படத்தையும் இரத்தச் சோதனையையும் சேர்த்துப் பார்த்து, விடை வரும் முன்னரே மருந்தைத் தொடங்குவதுண்டு. மூளைக்குள் நன்கு செல்லும் வோரிகோனசோல் 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபின் அம்முடிவுக்குப் பயன் கூடியது.

புக்கிட் பெருந்துங்கிலிருந்து கோலாலம்பூரின் பெரிய மருத்துவமனைகள் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவு. சிகிச்சை பெற்றுவரும் பிள்ளைக்குக் காய்ச்சலோடு தலைவலியோ வலிப்போ கண்டால் பெற்றோர் அன்றே புறப்பட வேண்டும். அங்கே சிறு பிள்ளை அசையாது கிடப்பதற்காக, எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டுசெல்லுமுன் பெரும்பாலும் மயக்கமருந்து கொடுப்பார்கள்.