நிற்கக் கற்ற புகைவண்டி

புகைவண்டியின் வரலாற்றைப் படிப்போர், அது விரைந்தோடக் கற்ற கதையையே விரும்பிப் படிப்பர். அது நிற்கக் கற்ற கதையைப் பலர் அறியார். துயரம் மிகுந்த அக்கதையின் ஒரு பகுதியை மாணவர்களுக்கு இன்று கூற விழைகின்றேன்.

அயர்லாந்தின் வடபகுதியில் ஆர்மா என்றொரு நகர் உண்டு. 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், அந்நகரின் மெதடிஸ்டு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிச் சிறுவர் சிறுமியரும் அவர்தம் உற்றாரும் வாரன்பாயிண்டு என்னும் கடற்கரை ஊருக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டனர். வண்டியில் ஏறத்தாழ 940 பேர் இருந்தனர். ஆர்மாவை விட்டதும் அன்றைய பாதை மேடாயிற்று. 75 அடிக்கு ஓர் அடி வீதம் உயர்ந்தது. புகைவண்டிக்கு இது கடுமையான ஏற்றமாகும். உச்சியை நெருங்கும் வேளையில் எஞ்சின் வலுவிழந்து நின்றுவிட்டது.

வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் அடுத்த நிலையத்தில் சேர்ப்பது என முடிவாயிற்று. பின்னின்ற 10 பெட்டிகளைத் தாங்கியவை, கடைசிப் பெட்டியின் கைப்பிரேக்கும் சக்கரங்களின் கீழ் வைத்த கற்களுமே. முன்பகுதி புறப்படுகையில் சற்றே பின்னோக்கி வந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. 10 பெட்டிகளும் வந்த வழியே உருண்டோடின. கதவுகள் பூட்டப்பட்டிருந்தமையால் பலருக்குக் குதித்துத் தப்பவும் வழியில்லை.

அதே பாதையில் கீழிருந்து மற்றொரு பயணிவண்டி வந்துகொண்டிருந்தது. முன்வண்டி சென்று, குறித்த நிமிடங்கள் கழிந்ததும் பின்வண்டியை அனுப்புவதே அங்கு அந்நாளைய முறை. முன்வண்டி அடுத்த நிலையம் சேர்ந்ததா என்று கேட்டறியும் ஏற்பாடு இல்லை. மோதலில் 80 பேர் மாண்டனர். அவர்களுள் சிறுவர் பலர்.

அவ்வண்டியின் பெட்டிகளில் எஞ்சினிலிருந்து குழாய் வழியே இயங்கும் வெற்றிடப் பிரேக்கும் இருந்தது. ஆயினும், குழாயில் வெற்றிடம் உண்டாக்கினாலன்றி அது சக்கரத்தைப் பிடிக்காது. குழாயைப் பிரித்தால் பிடி அற்றுப்போகும். இதற்கு நேர்மாறான அமைப்பும் அன்றே இருந்தது. அதில் வெற்றிடம் உள்ளவரை பிரேக் விலகி நிற்கும். குழாய் பிரிந்தால் தானே பிடித்துக்கொள்ளும். அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், அழுத்தக் காற்றினால் தானே இயங்கும் பிரேக்கை 1870களிலேயே அமைத்துவிட்டார்.

இத்தகைய பிரேக்கை மேற்கொள்ளுமாறு அரசாங்க ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக வற்புறுத்தி வந்தனர். செலவை எண்ணிக் கம்பெனிகள் பல தயங்கின. நாடாளுமன்றமும் அதனை அவற்றின் விருப்பத்திற்கே விட்டிருந்தது. ஆர்மா விபத்து நிகழ்ந்து மூன்று மாதம் முடியுமுன் புதிய சட்டம் பிறந்தது. பாதையின் ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே இருத்தல், கைகாட்டியும் பாதைமாற்றும் கருவியும் ஒன்றோடொன்று பிணைந்து இயங்கல், பயணிவண்டிகளில் தானே இயங்கும் பிரேக் அமைத்தல் ஆகிய மூன்றையும் கட்டாயப்படுத்த அரசாங்கம் அதிகாரம் பெற்றது.

இன்று நம் நாட்டு ரயிலில் ஓடும்போது பெட்டிகள் பிரிந்தால், பிரேக் தானே பிடிக்கின்றது. அந்தப் பிடியில் ஆர்மாவின் நினைவு இருக்கிறது. அங்கு குறைவாயிருந்தது அறிவன்று. அறிந்ததைக் கடமையாகக் கொள்ளும் உறுதியே. தலைக்கவசம் உயிர் காக்கும் என்பதை இன்று அறியாத மாணவர் இல்லை. அதனை வண்டியில் மாட்டிக்கொண்டு செல்வோர், ஆர்மாவின் கதையை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.